யார் நேரத்தில் படிப்பது?

1937-ல் சென்னையில் ஏ. லலிதாவுக்கு வயது பதினெட்டு. பதினைந்தில் திருமணம். கையில் நான்கு மாதப் பெண் குழந்தை இருக்கும்போது கணவர் இறந்துபோனார். விதவையை மூலையில் உட்காரவைத்துவிடும் காலம் அது. லலிதா படிப்புக்குத் திரும்பினார். ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தபோது, அடுத்து என்ன என்ற கேள்வி வந்தது. பெண்களுக்கு அப்போது ஓரளவு திறந்திருந்த பெரிய படிப்பு மருத்துவம்தான். அதை அவர் வேண்டாமென்றார். மருத்துவரென்றால் நடுராத்திரியில் ஆள் வந்து கூப்பிட்டாலும் கிளம்ப வேண்டும். குழந்தையை வைத்துக்கொண்டு அது நடக்காது. காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் வேலையாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. 1940-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் சேர்ந்தார். அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் அங்கேயே பேராசிரியர், முதல்வர் கே.சி. சாக்கோ துணை நின்றார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்கள் வரிசையில் லலிதாவின் பெயர் ஏறியது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும், பட்டச் சான்றிதழில் அச்சாகியிருந்த ஆண்பாற் சொல்லை அடித்துக் கையால் பெண்பாலாகத் திருத்தியதைச் சொல்லாமல் விடுவதில்லை. படம் எடுத்து மாட்டக்கூடிய விவரம் அது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஒரு தாய் தன் துறையையே கடிகாரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்பது. அதற்கும் அடுத்தபடியாக ஒரு விவரம் இருக்கிறது. லலிதா விடுதியில் தங்கிப் படித்த ஆண்டுகளில் குழந்தை அவருடைய சகோதரர் குடும்பத்தில் வளர்ந்தது. வார இறுதியில் அம்மா வந்து பார்ப்பார். அந்த வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, காய்ச்சல் வந்தால் விழித்திருந்த பெண்ணின் நேரமும் அந்தப் பட்டத்துக்குள் இருக்கிறது. எந்தச் சான்றிதழிலும் அது ஏறவில்லை.

பிள்ளை பெற்ற பிறகு படிக்கப் போனவர்கள் வரலாறு முழுக்க இப்படித்தான். வங்கத்தின் மருத்துவர் காதம்பினி கங்குலி 1893-ல் மேற்படிப்புக்காகப் பிரிட்டனுக்குக் கப்பலேறியபோது பிள்ளைகளை வீட்டாரிடம் விட்டுப் போனார். முத்துலட்சுமி ரெட்டி 1925-ல் பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் கூடுதல் பயிற்சி பெற லண்டன் சென்றபோது குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு வழியிலும் செலவு உண்டு. முதலாவதில் இன்னொருவரின் நேரம், இரண்டாவதில் பணம். மூன்றாவது வழி ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, அரசோ கல்லூரியோ அந்தச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டால் தவிர.

ஏற்றுக்கொண்ட ஓர் உதாரணம் உண்டு. வியப்பாக, அது தந்தையருக்காக நடந்தது. 1944 ஜூனில் அமெரிக்கா, போரிலிருந்து திரும்பும் படைவீரர்களுக்கான மறுவாழ்வுச் சட்டத்தை நிறைவேற்றியது. கல்விக் கட்டணத்தை அரசு கட்டும். போதாக்குறைக்கு மாதந்தோறும் வாழ்க்கைப்படி. தனியாளுக்கு 50 டாலர், குடும்பஸ்தருக்கு 75. அடுத்த ஆண்டே அது 65, 90 என்று உயர்ந்தது. குடும்பம் இருந்தால் கூடுதல் பணம் என்ற அந்த ஒரு வரியில், மாணவன் என்பவன் பிள்ளைக்குட்டிக்காரனாகவும் இருக்கலாம் என்பதை ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது. 1947-ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முன்னாள் படைவீரர்கள். மணமான மாணவன் என்பதே அரிதாக இருந்த வளாகங்களில், இராணுவத்திடமிருந்து வாங்கிய தகரக் கூடாரங்களிலும் இழுவை வண்டிகளிலும் குடும்பக் குடியிருப்புகள் முளைத்தன. வகுப்பறைக்குப் பின்னால் குழந்தைத் துணிகள் கொடியில் காய்ந்தன. 1956-க்குள் 22 லட்சம் பேர் இந்தச் சட்டத்தின் துணையால் கல்லூரிக்குப் போனார்கள். கறுப்பினப் படைவீரர்களுக்குத் தென்மாநிலங்களின் வெள்ளையர் கல்லூரிகளில் கதவு திறக்கவில்லை என்பதும், பயன்பெற்றவர்களில் பெண்கள் மிகக் குறைவு என்பதும் இதே கதையின் பகுதிகள்.

அங்கும் ஒரு வேடிக்கை நடந்தது. பல பல்கலைக்கழகங்கள் பட்டமளிப்பு நாளில் மாணவர்களின் மனைவிகளுக்குக் 'கணவனைப் படிக்கவைத்தவர்' என்று ஒரு விளையாட்டுப் பட்டம் அச்சிட்டுக் கொடுத்தன. தட்டச்சு வேலைக்குப் போய், குழந்தையையும் பார்த்துக்கொண்டு, கணவன் தேர்வெழுத நேரம் ஒதுக்கித் தந்தவர்களுக்கான அங்கீகாரம் அது. சிரித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். ஆனாலும் லலிதாவின் சகோதரர் வீட்டுக்கு யாரும் அதைக்கூடக் கொடுக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே பெற்றோர் படிப்புக்குத் திரும்பும் வாசல் பெரும்பாலும் தபால்பெட்டி வழியாகத்தான் இருந்தது. இந்தியாவில் அஞ்சல்வழிக் கல்வியை 1962-ல் தில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலை 1979-லும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் அதே வழியில் இறங்கின. 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தனிச் சட்டத்தால் உருவானது. 'கரஸ்ல போட்டிருக்கேன்' என்று சொல்லாத அரசு அலுவலகமோ ஆசிரியர் ஓய்வறையோ இந்த ஐம்பது ஆண்டில் இருந்திருக்காது. பதவி உயர்வுக்காக எம்.ஏ. போட்ட எழுத்தர், இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து பி.லிட். முடித்துத் தமிழாசிரியர் ஆனவர், கல்யாணத்தால் பாதியில் நின்ற பி.காம்.-ஐ மகள் எட்டாவது படிக்கும்போது முடித்தவர் என்று ஒவ்வொரு தெருவிலும் ஆள் உண்டு. அந்தப் பட்டங்களை இரண்டாந்தரமாகப் பேசும் வழக்கம் நமக்கு உண்டு. பாடத்தின் தரம் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம். ஆனால் தினமும் காலை பத்து மணிக்கு வகுப்பில் இருக்க முடியாதவர்களுக்கு வேறு எந்தப் பல்கலைக்கழகமும் கதவைத் திறக்கவில்லை என்பதை மறந்துவிட்டு அந்த விவாதத்தை நடத்தக் கூடாது.

இந்த மாநிலத்தில் நாற்பது வயதில் பட்டம் வாங்குவதற்கு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. தொகுதி 2-ல் பெரும்பாலான பதவிகளுக்குப் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், பழங்குடியினர், எல்லாச் சாதிகளையும் சேர்ந்த ஆதரவற்ற விதவைகள் ஆகியோருக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கோச்சிங் சென்டருக்குப் போகும் பெண்களின் கூட்டத்தை இந்த விதி இல்லாமல் விளக்க முடியாது.

அஞ்சல்வழிக் கல்வி தூரத்தைத் தீர்த்தது, கட்டணத்தைக் குறைத்தது, வயதைக் கேட்காமல் விட்டது. தீர்க்காமல் விட்டது நேரத்தை. இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் (இக்னோ) பி.ஏ. பட்டத்துக்கு அண்மைவரை 132 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. ஆக 3,960 மணி நேரம். மூன்று ஆண்டில் முடிக்க வேண்டுமானால் ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எல்லாம் சேர்த்துத் தினமும் மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் புத்தகத்தோடு உட்கார வேண்டும். அதிகபட்சமாக அனுமதிக்கும் ஆறு ஆண்டுக்கு நீட்டினாலும் நாளுக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது.

இப்போது மறுபக்கம். 2024-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரி 289 நிமிடம், ஆண்கள் 88. குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வதில் ஈடுபடும் பெண்கள் 137 நிமிடம், ஆண்கள் 75. இரண்டும் ஒருசேர விழும் வீட்டில், ஒரு தாய்க்கு இவை மட்டுமே ஏழு மணி நேரத்தைத் தாண்டும். அதற்கு மேல் சம்பள வேலை, பேருந்து, தூக்கம். மிச்சத்தில் மூன்றரை மணி நேரத்தை வெட்டி எடுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் நம் பத்திரிகைகள் 'விடாமுயற்சி' என்று எழுதுகின்றன. விடாமுயற்சியால் ஒரு நாளை இருபத்தேழு மணி நேரமாக்க முடியாது. யாரோ ஒருவர் அந்தத் தாயின் பங்கு வேலையைச் செய்திருப்பார், அல்லது அவள் தூக்கத்தைக் குறைத்திருப்பாள். சாதனைப் பேட்டிகளில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'நீங்கள் படித்தபோது அடுப்படியில் யார் இருந்தார்?' என்பது.

கல்வி நிறுவனங்கள் இதைக் கவனித்துத் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. நேர்முக வகுப்புகளைச் சனி, ஞாயிறில் வைக்கிறார்கள். வேலைக்குப் போகும் ஆணுக்கு அது சரியான ஏற்பாடு. வீட்டில் எல்லோரும் இருக்கும் நாள், கறி எடுக்கும் நாள், ஒரு வாரத் துணி துவைக்கும் நாள், விருந்தாளி வரும் நாள் ஞாயிறுதான் என்பதால், தாய்க்கு வாரத்தின் மிகக் கடினமான நாளும் அதுவே. வார நாளில், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் ஒரு வகுப்பை வைத்தால் அவளால் வர முடியும். எந்தக் கல்வி மையமும் இதைச் செய்ய முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் கல்லூரிக் கட்டடம் காலியாக இருக்கும் என்பதைத் தவிர. வாடகைக்குக் கிடைக்கும் கட்டடம் பாடவேளையைத் தீர்மானிக்கிறது, படிப்பவரின் நாள் அல்ல.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்த இடத்தில் ஒப்பிடத்தக்கது. 1969-ல் அரச சாசனம் பெற்று, 1971 ஜனவரியில் முதல் மாணவர்களோடு தொடங்கியது. பி.பி.சி. தொலைக்காட்சியில் அதன் பாடங்கள் அதிகாலையிலும் பின்னிரவிலும் வந்தன. வேறு நேரம் ஒளிபரப்பில் கிடைக்காததும் அதற்கு ஒரு காரணம். ஆனால் பட்டத்துக்கான கணக்கை முதலிலிருந்தே பகுதிநேரக்காரருக்காகப் போட்டார்கள். இன்று 3,600 மணி நேரப் படிப்பை ஆண்டுக்கு 600 மணி நேரமாகப் பிரித்து, ஆறு ஆண்டு என்பதை வழக்கமான வேகமாக வைத்திருக்கிறார்கள். நம்மிடம் மூன்று ஆண்டு என்பது இயல்பு. ஆறு ஆண்டு என்பது தாமதம். மணிக் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நான்காம் ஆண்டில் இருக்கும் லண்டன் தாய் சரியான நேரத்தில் போய்க்கொண்டிருக்கிறாள். நான்காம் ஆண்டில் இருக்கும் விழுப்புரத்துத் தாய் 'இன்னும் முடிக்கலையா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நாளின் நேரத்தைப் போலவே ஆண்டுகளின் கணக்கும் பெற்றோருக்கு வேறு. இதற்கு நல்ல சான்று நியூயார்க்கிலிருந்து கிடைக்கிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-ல், பள்ளி முடித்த யாரும் சேரலாம் என்று கதவைத் திறந்தது. ஏழைகள், கறுப்பினத்தவர், புலம்பெயர்ந்தோர் பெருமளவில் வந்தார்கள். பாதியில் நின்றவர்கள் அதிகம் என்பதால் அந்தத் திட்டம் தோல்வி என்றே பலர் எழுதினார்கள். பால் அட்டிவெல், டேவிட் லாவின் என்ற இரு சமூகவியலாளர்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, அப்போது சேர்ந்த பெண்களைத் தேடிப் பேசி, 2007-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அந்தப் பெண்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு கட்டத்தில் பட்டம் பெற்றிருந்தார்கள். கணிசமானோர் சேர்ந்து பத்தாண்டுக்கும் மேலான பிறகு. நடுவில் பிள்ளை பெற்று, வளர்த்து, வேலைக்குப் போய், மறுபடி வந்து முடித்திருந்தார்கள். படிப்பை 'விட்டவர்கள்' என்று நான்காம் ஆண்டில் கணக்கெடுத்தவர்கள் எழுதியது, பாதி ஓட்டத்தில் எடுத்த படம். தாய் படித்ததன் பயன் பிள்ளைகளின் கல்வியிலும் தெரிந்தது என்பது அந்த நூலின் இன்னொரு முடிவு. அதற்குத்தான் அதிகக் கவனம் கிடைத்தது. எனக்கு முதல் முடிவே முக்கியம், ஏனென்றால் பிள்ளைக்கு நல்லது என்பதற்காக மட்டும் ஒரு பெண் படிக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் இதே நிலையில் ஆண்களும் உண்டு. பொறியியல் கல்லூரியில் இரண்டு அரியரோடு வெளியேறி, வேலைக்குப் போய், குடும்பமாகி, 'டிகிரி கம்ப்ளீட்டடா?' என்ற கேள்வி வரும்போது பேச்சை மாற்றும் தகப்பன்கள். 2021-ல் அண்ணா பல்கலைக்கழகம், 2001-02 முதல் சேர்ந்து அரியர் முடிக்காதவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு அளித்தது. அதில் மூத்தவர்களுக்கு நாற்பதை நெருங்கும் வயது. கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு, சலுகையாகத் திறந்த கதவு அது. அப்படித் திறப்பதால் பட்டத்தின் மதிப்பு குறைந்துவிடும் என்பவர்கள் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அதே வினாத்தாளில் அதே மதிப்பெண் எடுத்தவர், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து எழுதினார் என்பதால் அதில் எது குறைகிறது?

புதிய ஏற்பாடுகளில் இடைவெளிக்கு ஓரளவு இடம் இருக்கிறது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, ஓராண்டில் சான்றிதழ், இரண்டாண்டில் பட்டயம், மூன்றாண்டில் பட்டம் என்று இடையில் வெளியேறி மீண்டும் வரலாம் என்கிறது. அதற்காக 2021-ல் கிரெடிட் வங்கி ஏற்பாடு வந்தது. கொள்கை பற்றி எனக்கு வேறு பல கேள்விகள் உண்டு. இந்த ஓர் அம்சம், பாதியில் நின்றவர்களுக்குக் கொள்கையளவில் நல்லது. ஆனால் வங்கியில் போட்ட கிரெடிட் அதிகபட்சம் ஏழு ஆண்டுதான் செல்லும். முதலாண்டு முடித்துத் திருமணமாகி, இரண்டு குழந்தை பெற்று, இளையது ஒன்றாம் வகுப்புக்குப் போகும் வரை காத்திருக்கும் பெண்ணுக்கு ஏழு ஆண்டு போதுமா என்று யாராவது விரல்விட்டு எண்ணிப் பார்த்திருக்கலாம். நியூயார்க்கில் பத்தாண்டு கழித்து முடித்தவர்களுக்கு இந்த விதி இருந்திருந்தால், அவர்கள் முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும், அல்லது வராமலே இருந்திருப்பார்கள்.

நேரடிக் கல்லூரியில் நிலைமை இன்னும் இறுக்கம். 75 விழுக்காடு வருகை என்ற விதி, காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைக் கணக்கில் எடுப்பதில்லை. முனைவர் பட்ட ஆய்வாளருக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பு பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2016 விதிகளிலேயே வந்துவிட்டது. இளங்கலை, முதுகலை மாணவிகளுக்கு என்று வரும்போது, 2021 டிசம்பரில் யு.ஜி.சி. பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதி, தக்க விதிகளை வகுத்துக்கொள்ளச் சொன்னதோடு சரி. அப்படி விதி வகுத்தாலும் பேறுகாலம் சில மாதம். குழந்தை வளர்ப்பு சில ஆண்டு. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. அந்தச் சட்டம் எண்ணியது பணியாளர்களை. மூவாயிரம் பேர் படிக்கும் கல்லூரியில் எத்தனை மாணவிகளுக்குக் குழந்தை இருக்கிறது என்று எண்ணச் சொல்லும் சட்டம் ஏதும் இல்லை. அதனால் யாரும் எண்ணுவதுமில்லை. எண்ணாததற்குத் திட்டமும் வராது.

இவை எல்லாம் கவனக்குறைவு என்று சொல்லிவிடலாம். கதவைத் திறந்துவிட்டுப் பிறகு மூடிய கதை வேறு. திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் மூல வாக்குறுதி, பள்ளிச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் நுழைவுத் தேர்வு அல்லது அடிப்படைப் படிப்பு வழியாகப் பட்டத்துக்கு வரலாம் என்பது. பத்தாவதோடு நிறுத்தப்பட்டு மணம் முடிக்கப்பட்ட பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இருந்திருக்க முடியாது. 2009-ல், அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அரசாணை 107-ஐ வெளியிட்டது. பத்தாவது, பன்னிரண்டாவது தேறாமல் திறந்தநிலையில் வாங்கிய பட்டம் அரசுப் பணிக்குத் தகுதியாகாது என்பது அதன் சாரம். முறையான வரிசையில் படித்தவருக்கும் குறுக்குவழியில் வந்தவருக்கும் வேறுபாடு வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. பணத்தைக் கட்டினால் பட்டம் என்று நடந்த கடைகளும் அப்போது இருந்தன. ஆனால் அரசு நிறுவிய பல்கலைக்கழகம், அரசு அனுமதித்த நுழைவு வழி, அரசு அச்சிட்ட விவரக் குறிப்பேடு ஆகியவற்றை நம்பிச் சேர்ந்து, பாடம் முழுவதையும் எழுதித் தேறிய பெண்ணுக்கு, பட்டம் செல்லும், வேலைக்குச் செல்லாது என்ற பதில் கிடைத்தது. இன்று ஒருத்தி என்னிடம் வழி கேட்டால், முதலில் பத்தாவதைத் தனித்தேர்வராக எழுது, பிறகு பன்னிரண்டாவது, அதன் பிறகுதான் பட்டத்துக்கு விண்ணப்பம் என்றுதான் சொல்வேன். வரிசை மாறக் கூடாது. அதில் இன்னும் சில ஆண்டுகள் போகும் என்பதும் உண்மை.

இன்னொரு விதி யாருடைய கண்ணிலும் அதிகம் படுவதில்லை. குடும்பத்தில் பட்டதாரியே இல்லாத வீட்டிலிருந்து பொறியியல் போன்ற தொழிற்படிப்புக்கு ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் வரும் மாணவருக்கு, 2010 முதல் தமிழ்நாடு அரசு கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. நல்ல திட்டம், ஆயிரக்கணக்கான வீடுகளில் கடனைக் குறைத்திருக்கிறது. அந்த முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் பார்ப்பது தாத்தா பாட்டி, தாய் தந்தை, உடன்பிறந்தோர் ஆகியோரில் யாரிடமும் பட்டம் இருக்கக் கூடாது என்பதை. மகன் பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போது அம்மா அஞ்சல்வழியில் பி.ஏ. கடைசி ஆண்டு எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் தேறினால் வீட்டின் முதல் பட்டதாரி அவள்தான். மகனுக்கு அந்தச் சலுகை கிடையாது. நான்கு ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்து, மீதமுள்ள இரண்டு பேப்பரை மகன் சேர்ந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று அவள் தள்ளிப்போட்டால், அவளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிள்ளையைப் பெற்ற பிறகு தாய் வாங்கிய பட்டத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அரசாணையில் ஒரு வரி திருத்தினால் போதும்.